பதினான்காம் பிளாக்கின் மொட்டைமாடி

அடுப்பின் மேலிருந்த தகரத் தட்டில் சூரியகாந்தி விதைகள் வெடிக்கத் தொடங்கியதும் அக்லாயா தீயைக் குறைத்தாள். கிண்ணத்திலிருந்த உப்புத் தண்ணீரை விரல்களால் அள்ளித் தெளித்தாள். ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடியை மறைத்தது. கை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கறுத்துவிடும். கறுத்த விதையை வாங்கியவன் அடுத்த ஆட்டத்துக்கு வேறு தள்ளுவண்டியைத் தேடிப் போவான்.

மேஜையில் அவள் கணவன் ஸ்பீரு பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கூம்பு சுற்றிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். கப்பலின் வயிற்றிலிருந்து கோதுமை அள்ளிய கைகளுக்கு அந்தச் சின்னக் கூம்பு அடங்க மறுத்தது.

"அந்தப் பக்கத்தக் கிழிக்காத, நான் இன்னும் படிக்கல," என்றாள் அக்லாயா.

"மந்திரி பேச்சு. படிச்சுட்டு என்ன, அவருக்குப் பதில் போடப்போறியா?"

"கிழிச்சுட்டியா?"

"அவரு மூஞ்சிதான் அடியில வருது. கெட்டியா இருக்கு, விதை கொட்டாது."

ஊரின் கால்பந்து அணியான டோக்கரிக்கு அன்று மாலை ஆட்டம். பதினெட்டு வருஷம் கீழே கிடந்துவிட்டு முதல் டிவிஷனுக்கு ஏறி வந்த பிறகு சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். டான்யூப் கரையிலிருந்த ப்ரெய்லா ஊர் முழுக்கக் காலையிலிருந்தே அதே பேச்சு. ரொட்டிக் கடையில்கூட வரிசை நகரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டோக்கரி செத்துப்போன மாதிரிதான் இருந்தது. வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்து பிடிக்க வழியில்லாமல், டிராம் ஓட்டுநர் லீகா போன்றவர்கள் சொந்தக் காரில் நாலு நாலு ஆட்டக்காரர்களாக அடைத்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் முதலாளி வந்தார். எரிவாயுவில் சம்பாதித்தவர். ஊர்க்காரர் இல்லை. டான்யூப் நதியைப் பார்த்து "இது இவ்வளவு அகலமா" என்று கேட்டாராம். வந்தவர் பாக்கிச் சம்பளத்தைத் தீர்த்தார், புல்லை மாற்றினார், பிரேசிலிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார். போன மே மாதம் அணி மேலே ஏறியபோது ஊரே மைதானத்துக்குள் இறங்கி அவரைத் தோளில் தூக்கியது. முதலாளியின் இடது கால் ஸ்பீருவின் தோளில் இருந்தது. "நல்ல சப்பாத்து, அக்லாயா. துளி அழுக்கில்ல," என்று வீட்டுக்கு வந்து சொன்னான். அன்றைக்கு அவன் அழுததை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் அழுதான்.

கோடையில் மைதானம் மாறியது. மூன்றாம் வாசலுக்கு உள்ளே, ஆட்கள் நின்று பார்க்கும் சிமெண்டுப் படிக்கட்டு போய் நீல இருக்கைகள் வந்தன. மேற்குப் பக்கம் மாடி எழும்பி விருந்தாளிகளுக்குக் கண்ணாடி அறைகள் வந்தன. சட்டையில் இருந்த கொக்கி போனது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி அது, அணி தொடங்கிய நாளிலிருந்து இருந்தது. அதற்குப் பதில் நீல அலை ஒன்று வந்தது. டிக்கெட் விலையும் ஏறியது. ஸ்பீரு பென்ஷனைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் அறையின் ஜன்னல் வரைக்கும் போனான். விலைப் பலகையைப் படித்தான். கையில் இருந்த காசில் ஒரு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்றான். அடுத்த மாதமும் பார்த்துக்கொள்ள முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

நாலு மணிக்கு அவர்கள் தள்ளுவண்டியோடு மூன்றாம் வாசலுக்குப் போனபோது, வாசலில் புதுச் சீருடையில் காவலர்கள் நின்றார்கள். பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே போகிறவர்களின் பாக்கெட்டைத் தடவி, விதையிருந்தால் தொட்டியில் கொட்டச் சொன்னார்கள். தொட்டி பாதி நிறைந்திருந்தது. அதில் பாதி நேற்று அக்லாயா சந்தையில் விற்றது.

லீகா வரிசையில் நின்றான். எப்படியோ கடன் வாங்கி முதல் ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருந்தான்.

"பாக்கெட்ல என்ன?" என்றான் காவலன்.

"மாத்திரை."

"விதை மாதிரி இருக்கே."

"டாக்டரு அப்படித்தான் எழுதிக் குடுத்தாரு. ஒண்ணு ஒண்ணா, தொண்ணூறு நிமிஷத்துக்கு."

காவலனுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் கொட்ட வைத்தான்.

அக்லாயா வண்டியை நிறுத்துவதற்குள் ஒக்டாவியன் வந்துவிட்டான். மைதானத்தின் மேலாளர். கோட்டு போட்டு, காதில் ஒயர் மாட்டி இருந்தாலும் இதே ஊர்ப் பையன். இவன் அப்பாவும் ஸ்பீருவும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. வண்டிய ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கணும். உத்தரவு மேல இருந்து வந்திருக்கு. விதைத் தோல் சாக்கடைக் குழாய அடைக்குது."

"நாப்பது வருஷமா அடைக்கலியே."

"நாப்பது வருஷமா அங்க குழாயே இல்ல அத்தை."

அவன் சொன்னது உண்மைதான். வண்டியைத் தள்ளினார்கள். ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம் யாரும் நடந்து வரவில்லை, எல்லோரும் காரில் கடந்து போனார்கள். ஸ்பீரு வண்டியில் சாய்ந்து நின்று ரேடியோவில் ஆட்டம் கேட்டான். டோக்கரி இரண்டுக்கு ஒன்று ஜெயித்தது. கோல் விழுந்தபோது சத்தம் முதலில் மைதானத்திலிருந்து வந்தது, பிறகுதான் ரேடியோவிலிருந்து.

"பாத்தியா," என்றான், "நாமதான் முதல்ல கேட்டோம்."

விற்காத விதைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது ஒக்டாவியன் மறுபடியும் வந்தான். காதிலிருந்து ஒயரைக் கழற்றினான். முதுகை மைதானத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு கூம்பு வாங்கி, அங்கேயே நின்று தின்றான். தோலைக் கையிலேயே துப்பிச் சேர்த்துக்கொண்டான்.

"மேல கண்ணாடி ரூம்ல சுத்தம் பண்ண ஆள் வேணும் அத்தை. ஆட்டத்தன்னிக்கும் மறுநாளும். மாசச் சம்பளம், இன்சூரன்ஸ் உண்டு. வெளியூர் கம்பெனி ஆள் அனுப்பறேன்னு சொல்லுது. நான் நம்ம ஊர் ஆளா கேட்டிருக்கேன்."

"உள்ள இருந்து ஆட்டம் பாக்கலாமா?"

"பாக்கறதுக்கு யாரு உங்களத் தடுக்கப்போறா. துடைக்கிறப்போ கண்ணு தொறந்துதானே இருக்கும்."

வீட்டில் ஸ்பீரு சூப்பில் ரொட்டியை நனைத்து நனைத்துத் தின்று முடித்தான்.

"நாப்பது வருஷம் நான் உள்ள, நீ வெளிய வண்டியோட நின்ன," என்றான் கடைசியில். "இனி நீ உள்ள. நான் வெளிய. கணக்கு சரியாப் போச்சு."

"வேணாம்னா சொல்லு, போகல."

"போ. போய்ப் பாரு. வந்து சொல்றப்போ மட்டும் ஒழுங்கா சொல்லணும். கோல் போட்டாங்கன்னு சொன்னா போதாது. யாரு பந்து குடுத்தான், எந்தக் காலால அடிச்சான், எல்லாம் வேணும்."

கண்ணாடி அறைகளில் தரைவிரிப்பு இருந்தது. ஆளுக்கொரு தோல் நாற்காலி, சுவரில் பெரிய டி.வி., மேஜையில் புகையிட்ட மீனும் ஆலிவும். அக்லாயா சாம்பல் நிறச் சீருடையில், கையில் துணியும் வாளியுமாக அறை அறையாகப் போனாள். விருந்தாளிகள் நல்ல மாதிரி ஆட்கள். கதவைத் திறந்து பிடித்தார்கள், நன்றி சொன்னார்கள். ஆனால் பெரும்பாலோர் மைதானத்துக்கு முதுகு காட்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் அறையில் சாம்பல் முடிக்காரர் ஒருவர் அவளிடம், "எவ்வளவு எவ்வளவு?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் கண்ணாடிக்கு அப்பால் ஸ்கோர் பலகை எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுக்கு ஒண்ணு," என்றாள்.

"யாருக்கும் யாருக்கும்?"

அவள் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினார்.

நடைபாதையின் கடைசியில் இரும்புக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் வெளிப் படிக்கட்டின் மேல் தளம். வாளிகளைக் கழுவிக் கவிழ்க்கும் இடம். அங்கிருந்து மைதானம் மொத்தமும் தெரியும், இரண்டு கோல் கம்பங்களும் தெரியும். அக்லாயா வாளியைக் கவிழ்க்கிற சாக்கில் அங்கே போய்ப் போய் நின்றாள். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. எந்தக் கால் என்பதை மறந்துவிடாமல் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

ஆனால் மூன்றாவது ஆட்டத்திலிருந்து சொல்ல வேண்டிய தேவை பாதியாகக் குறைந்தது. டிராம், மைதானத்துக்குக் கிழக்கே இருந்த பதினான்காம் பிளாக்குக்குக் கீழேதான் சுற்றித் திரும்பும். அங்கே டிராமை நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஒருநாள் லீகா அண்ணாந்து பார்த்திருக்கிறான். அந்தப் பழைய கட்டடத்தின் மொட்டைமாடி, மைதானத்தின் கிழக்குக் கூரையைவிட உயரம். மாடிச் சாவி மேடம் வெத்தூரியாவிடம் இருந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இப்போது அந்தக் கட்டடத்தை நிர்வாகம் செய்பவள். அவளுக்குப் பயந்து அந்தப் படிக்கட்டில் பூனைகூடச் சத்தம் போடாது. லீகாவும் ஸ்பீருவும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினார்கள்.

"மாடியில என்ன வேலை?"

"ஆட்டம் பாக்கணும் மேடம்," என்றான் லீகா.

"குடிப்பீங்களா?"

"அளவா."

"தார் போட்ட தரை. நாற்காலிக் காலுக்கு அடியில பலகை வைக்கணும். கெட்ட வார்த்தை பேசக் கூடாது, மூணாவது மாடியில குழந்தை இருக்கு. லிஃப்ட் கிடையாது. எனக்கு முட்டைக்கோஸ் ஊறுகா போடற பீப்பாய் ரெண்டு அடித்தளத்துல இருக்கு, நாலாவது மாடிக்கு வரணும்."

"எப்போ?"

"இப்போ."

ஸ்பீருவும் லீகாவும் பீப்பாய்களை ஏற்றினார்கள். முழங்கால் பிடித்துக்கொண்டு ஸ்பீரு இரண்டு நாள் நொண்டினான். கேட்டவர்களிடமெல்லாம் "சீசன் டிக்கெட் எடுத்தேன், அதான் வலி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மாடியிலிருந்து மைதானத்தில் முக்கால் பங்கு தெரிந்தது. கிழக்குக் கோல் கம்பம் மட்டும் கூரைக்கு அடியில் மறைந்துவிடும். பந்து அந்தப் பக்கம் போனால் மாடிக்கு வந்து சேர்ந்த இருபது பேரும் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, ஒன்றும் தெரியாமல் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். லீகாவின் போனில் காட்சி அரை நிமிஷம் தாமதமாக வரும். அதற்குள் ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை வந்துவிடும்.

அந்த மாடியை அக்லாயா இரும்புத் தளத்திலிருந்து எதிரே பார்த்தாள். தூரத்தில் சின்னச் சின்னத் தலைகள். அதில் ஒரு தலை தொப்பியைக் கழற்றி ஆட்டியது. அவள் துடைக்கும் துணியை ஆட்டினாள். அன்றைக்கே, பந்து கிழக்குப் பக்கம் போய் கோல்கீப்பர் பிடித்துவிட்டபோது, எதிர்மாடியில் எல்லோரும் தவித்து நிற்பதைப் பார்த்து, அவள் வெள்ளைத் துணியை எடுத்து இல்லை என்கிற மாதிரி இடமும் வலமுமாக வீசினாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே பக்கம் கோல் விழுந்தபோது, கழிவறை துடைக்கிற சிவப்புத் துணிதான் கைக்கு அகப்பட்டது. அதைத் தூக்கிப் பிடித்தாள். எதிரே இருபது பேரும் ஒரே வீச்சில் துள்ளியதைப் பார்த்து, தானே கோல் அடித்தது போல அவளும் ஒரு முறை துள்ளினாள்.

அன்று வீட்டில் ஸ்பீரு, "வலது காலா?" என்று மட்டும் கேட்டான்.

"இடது. உள்பக்கத்தால."

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

இலையுதிர் காலம் முழுக்க அப்படியே போனது. அக்லாயாவின் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காலம் அதிகம் இருந்ததில்லை. மாதச் சம்பளம் வந்தது. காலையில் விதை வறுத்து ஸ்பீருவிடம் கொடுத்தனுப்பினாள். அவன் மாடியில் ஒவ்வொருவருக்கும் கூம்பு கொடுத்தான். தோலைப் போட மேடம் வெத்தூரியா வாளி வைத்திருந்தாள். அவளே அவர்கள் மாடியில் பார்த்த இரண்டாவது ஆட்டத்திலிருந்து மடக்கு நாற்காலியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். நடுவரைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைகளை மூன்றாவது மாடிக் குழந்தை கேட்காமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. யாரோ அடுப்பு கொண்டுவந்து இறைச்சி சுட்டார்கள். இருபது பேர் அறுபது பேரானார்கள். பழைய மூன்றாம் வாசல் ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர்ந்தார்கள்.

அக்டோபர் கடைசியில் டி.வி. கேமரா அவர்களைக் கண்டுபிடித்தது. கோல் விழுந்ததும் ஒரு முறை மாடியைக் காட்டியது, அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பிச் சிவப்புத் துணியோடு நின்ற அக்லாயாவைக் காட்டியது. வர்ணனையாளர் சிரித்ததை நாடே கேட்டது. மறுநாள் ஒக்டாவியன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினான். சீருடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து அவள் அதை இரவே துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துப் போயிருந்தாள்.

"முதலாளி பாத்திருக்காரு அத்தை."

"தெரியும்."

"அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாராம். மாடி ஆளுங்கள ஃபோட்டோ எடுக்கணும்னு சொல்றாரு."

அவள் பையிலிருந்த சீருடையை உள்ளே அழுத்திக்கொண்டாள்.

"உக்காந்து பாக்க இடம் குடுப்பாங்களோ என்னவோ," என்றாள் வீட்டில்.

"அறுபது பேருக்கா?" என்றான் ஸ்பீரு. ஆனால் ஃபோட்டோ எடுத்த நாள் காலையில் சவரம் இரண்டு முறை செய்தான்.

ஃபோட்டோ எடுக்க வந்த பெண் நல்லவள். நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினாள். மேடம் வெத்தூரியா தண்ணீர் கொடுத்தாள். எல்லோருக்கும் நீல அலை போட்ட கழுத்துத் துண்டு ஒன்று தரப்பட்டது. லீகா மட்டும் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அந்தப் பெண் அவர்களோடு உட்கார்ந்து விதை தின்றாள், உடைக்கத் தெரியாமல் தோலையும் சேர்த்து மென்றாள். ஸ்பீரு உடைத்துக் காட்டினான். அவள் சிரித்ததில் அவனும் வாய் திறந்து சிரித்தான். அந்த நேரத்தில் கேமரா சொடுக்கியது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை அக்லாயா வேலைக்கு வந்தபோது கிழக்குப் பக்கம் கிரேன் லாரி நின்றது. கூரைக்கு மேல் புதிதாக இரும்புச் சட்டம் எழும்பியிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் தரை மறைய ஒரு பெரிய துணியை விரித்திருந்தார்கள். அவள் அதன் ஓரமாக நடந்தாள். முதலில் ஒரு சப்பாத்து வந்தது, படகு அளவு. பிறகு ஒரு முழங்கால். லீகாவின் மோவாய். சாவிக்கொத்தைப் பிடித்த மேடம் வெத்தூரியாவின் கை. பிறகு ஸ்பீரு. வாய் திறந்து, கண் இடுங்கி, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தான். அவன் நெற்றியில் ஒரு புறா நடந்துகொண்டிருந்தது. அவள் அதை விரட்டினாள். அவன் கையைப் பார்த்தாள். அவள் வறுத்துக் கொடுத்த விதைக் கூம்பு அதில் இல்லை. நீல அலை போட்ட அட்டைப் பெட்டியில் சோளப்பொரி இருந்தது. படத்துக்கு அடியில், எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு, "ஊரே நம் அணி" என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே டிக்கெட் வாங்க வேண்டிய முகவரி.

அந்தச் சட்டத்தில் அந்தத் துணி ஏறினால் பதினான்காம் பிளாக்கின் மாடியிலிருந்து என்ன தெரியும் என்று கணக்குப் போட அவளுக்கு நேரம் ஆகவில்லை.

ஒக்டாவியன் கையில் காப்பியோடு லாரிப் பக்கம் நின்றான். அவளைப் பார்த்ததும் காப்பியைக் கீழே வைத்தான்.

"கொஞ்சம் தள்ளி மாட்டக் கூடாதா தம்பி? அந்த ஓரமா?"

"டி.வி. உரிமை வாங்கினவங்க எழுதிட்டாங்க அத்தை. காசு குடுத்துப் பாக்கறவன் கேக்கறானாம், அவங்க சும்மா பாக்கறாங்களே, நான் எதுக்குக் குடுக்கணும்னு. ஏதாவது வெச்சு மறைச்சே ஆகணும்."

"மறைக்க எங்க மூஞ்சிதான் கெடச்சுதா?"

"முதலாளி சிமெண்ட் விளம்பரம் போடலாம்னு சொன்னாரு. அப்புறம் அவரே வேணாம்னுட்டாரு. அவங்களையே போடுங்க, சந்தோஷப்படுவாங்கன்னு." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்த்தான். "நிஜமாவே அப்படித்தான் நெனச்சாரு அத்தை. அதான் கஷ்டம்."

காதிலிருந்த ஒயரில் யாரோ கூப்பிட, அவன் போனான்.

துணியின் நடுவே ஒருவன் முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தான். கையில் வளைந்த கத்தி. அங்கங்கே பிறை மாதிரி வெட்டி வெட்டி விட்டான். வெட்டிய இடம் நாக்கு மாதிரி மடிந்து திறந்தது.

"அது எதுக்கு?" என்றாள் அக்லாயா.

"காத்துக்கு. டான்யூப் காத்துக்கு வழி விடலன்னா சட்டத்தோட பிடுங்கிட்டுப் போயிடும்."

"எவ்வளவு பெரிசா வெட்டுவ?"

"ஒரு சாண்."

"ரெண்டு சாண் வெட்டு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், பிறகு பதினான்காம் பிளாக்கைப் பார்த்தான். அவன் ஜாக்கெட்டின் உள்பக்கம், சட்டையில், பழைய கொக்கி தைத்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப வெட்டினா எனக்குக் கூலி வராது. ஒண்ணரை," என்றான். பிறகு ஸ்பீருவின் முகத்துக்கு வந்தான். "இது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"எங்க வெட்டட்டும்?"

அவள் யோசித்தாள். "கன்னத்துல வெட்டு. கண்ணுல வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவள் இன்னொருத்தியிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டாள். காலையில் இரண்டு தட்டு விதை வறுத்தாள். மாடிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். ஏறிப் பார்த்தால் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. பெரும்பாலோர் வந்திருந்தார்கள். வடகிழக்குக் காற்று தொடங்கியிருந்ததால் கனமான கோட்டுகளும் காது மூடிய தொப்பிகளுமாக இருந்தார்கள். எதிரே, எட்டிப் பிடித்துவிடலாம் போன்ற தூரத்தில், அவர்களே இரண்டு மாடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"வா அக்கா," என்றான் லீகா. "உங்க வீட்டுக்காரர் இப்ப சோளப்பொரிக்கு மாறிட்டாரு."

"நான் எப்போ அதத் தின்னேன்?" என்றான் ஸ்பீரு. "பல்லு மட்டும் நல்லா விழுந்திருக்கு. கீழ்ப்பல்லு போனது தெரியவே இல்ல பாரு."

மேடம் வெத்தூரியா நாற்காலிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். "நீ இங்க. நீ ரெண்டு அடி இடது பக்கம். குனி. இன்னும் குனி. அந்தப் பட்டனுக்கு நேரா பாரு." துணியிலிருந்த ஒவ்வொரு வெட்டுக்கும் நேராக ஒரு நாற்காலி. காற்று வீசும்போது பிறைகள் தூக்கிக்கொள்ளும். அந்த நேரம், தலையை அசைக்காமல் இருந்தால், ஒருவனுக்கு ஒரு துண்டு மைதானம் தெரியும். லீகாவுக்கு நடுவட்டம். மேடம் வெத்தூரியாவுக்கு மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சு. கிடைத்ததை உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ஸ்பீருவின் நாற்காலி அவனுடைய கன்னத்துக்கு நேராக இருந்தது. அக்லாயா அவன் பக்கத்தில் உட்கார்ந்து கூம்பைப் பிரித்தாள்.

ஆட்டம் தொடங்கியது. நடுவரின் விசில் கேட்டது. காற்று வந்தது. துணி முழுக்க ஒரு சலசலப்பு ஓட, பிறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"பந்து நம்மகிட்ட," என்றான் லீகா. "வலது பக்கம் குடுத்துட்டான். போச்சு, எனக்குத் தெரியல."

"என்கிட்ட ஒருத்தன் உக்காந்து கொட்டாவி விடறான்," என்றாள் மேடம் வெத்தூரியா.

"எனக்கு வந்துருச்சு," என்றான் ஸ்பீரு. "மூலைக் கொடி பக்கத்துல. பிரேசில்காரன். திரும்பிட்டான். நிமிந்து பாக்கறான், இப்போ—"

காற்று நின்றது. வெட்டுகள் மூடிக்கொண்டன. மைதானத்திலிருந்து பெரிய சத்தம் ஒன்று எழும்பி, கூரையைத் தாண்டி, துணியைத் தாண்டி, அவர்கள் மேல் வந்து விழுந்தது. கோலா, தவறிவிட்டதா என்று அந்தச் சத்தத்தில் பிரிக்க முடியவில்லை. யாரும் எழவில்லை. எழுந்தால் இடம் தப்பிவிடும். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு வெட்டின் மேல் கண்ணை வைத்தபடி, அறுபது பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தங்கள் சிரித்த முகங்களுக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்து, அடுத்த காற்றுக்காகக் காத்திருந்தார்கள்.